கால் எட்டாத வண்டி

நாற்பது வயதைத் தாண்டிய பிறகு, கால் தரைக்கு எட்டாத ஒரு மோட்டார் சைக்கிளை நான் காசு கொடுத்து வாங்கினேன். இதை நாசூக்காகச் சொல்ல வேறு வழி இருக்கிறதா என்று யோசித்துப் பார்த்தேன், இல்லை. இருக்கையில் உட்கார்ந்தால் என் இரண்டு பாதங்களும் அந்தரத்தில் தரையைத் தேடிக்கொண்டிருக்கும். வண்டியை நிறுத்த வேண்டுமென்றால் முதலில் ஒரு கல்லையோ சாக்கடைத் திட்டையோ பெட்டிக்கடைப் படியையோ கண்டுபிடித்தாக வேண்டும். ஓசூரில் எந்த முக்கில் எவ்வளவு உயரக் கல் கிடக்கிறது என்பது அந்த நாட்களில் நகராட்சியைவிட எனக்கு நன்றாகத் தெரியும். கல் இல்லாத சிக்னலில் சிவப்பு விழுந்துவிட்டால், பக்கத்தில் நிற்கும் ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொள்வேன். பெரும்பாலான ஆட்டோக்காரர்கள் கண்டுகொள்ள மாட்டார்கள். ஒருவர் மட்டும் திரும்பிப் பார்த்து, "எங்க சார் எறங்கணும்?" என்று கேட்டார்.

இந்த முட்டாள்தனத்துக்கு ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணத்தில் சிரிக்க ஒன்றுமில்லை.

என் மனைவிக்கு ஒரே தம்பி. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து ஐடிஐ முடித்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்து, இங்கேயே ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தான். நாங்கள் இருவரும் இருந்த வீட்டை அவன் ஒருவனே நிரப்பினான். நின்றுகொண்டே சாப்பிடுவான், குளியலறையில் தப்பான வரிகளில் பாடுவான், என் புத்தக அலமாரியைப் பார்த்து, "அத்தான், இதுல ஒண்ணாவது முடிவு தெரியாம படிச்சீங்களா, இல்ல எல்லாமே கடைசிப் பக்கம்தானா?" என்பான். அவன் சந்தேகம் சில புத்தகங்கள் விஷயத்தில் நியாயமானது.

கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையை நான்கு வழியாக அகலப்படுத்திக்கொண்டிருந்த காலம் அது. இன்று இடது பக்கம் போன வண்டிகளை நாளை வலது பக்கம் திருப்பிவிடுவார்கள். திருப்பிவிட்ட இடத்தில் பலகை இருக்கும், அல்லது இருக்காது. ஒரு சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வரும்போது அப்படிப்பட்ட ஒரு திருப்பத்தில், எதிரே வந்த லாரியோடு அவன் வண்டி மோதிவிட்டது. லாரியை ஓட்டியவர், தான் பார்க்கவில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

அதன் பிறகு அவன் பெயரைச் சொல்லக் கூடாது என்று யாரும் போடாத ஒரு சட்டம் எங்கள் வீட்டில் அமலுக்கு வந்தது. 'தம்பி' என்ற சொல்லும் அதில் அடக்கம். காய்கறிக்காரர் கூப்பிட்டால்கூட என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஊரில் எல்லோரையும் அவர் தம்பி என்றுதான் கூப்பிடுவார். என்னிடம் அவள் கேட்டது ஒன்றே ஒன்று. காரியத்துக்கு ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர்களை எல்லாம் பேருந்து ஏற்றிவிட்டுத் திரும்பிய அன்று, செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்.

"பெரிய ரோட்டுல மட்டும் வண்டியில போகாதீங்க."

"போகலே."

அடுத்த வாரமே என் பழைய வண்டியை விற்றுவிட்டேன். கம்பெனிப் பேருந்தில் போய்க் கம்பெனிப் பேருந்தில் வந்தேன். கம்பெனி வாசலில் இறங்கியதும் அவளுடைய போனுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். ஒரு முறை மணி அடித்ததும் வெட்டிவிட வேண்டும். அவள் எடுக்க மாட்டாள். எடுத்தால் பேச வேண்டியிருக்கும், பேசினால் எதற்கு இந்த ஏற்பாடு என்பதையும் பேச வேண்டியிருக்கும். அவள் பக்கத்துத் தெருவில் ஒரு பள்ளியில் ஆசிரியை. அந்த ஒற்றை மணி அடித்த பிறகுதான் வகுப்புக்குள் போவாள் என்று அங்கே வேலை பார்த்த இன்னொரு ஆசிரியை சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இப்படியே சில வருடங்கள் ஓடின. 2008-இன் பிற்பகுதியில், உலகமெங்கும் மந்தம் என்று செய்தித்தாள்கள் எழுதின. ஓசூரில் அதை எழுதிக் காட்ட வேண்டிய அவசியம் இருக்கவில்லை. மதியம் மூன்று மணிக்குத் தேநீர்க் கடைகளில் சீருடைக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் கம்பெனியில் ஆளைக் குறைப்பதற்கு முன் பேருந்தைக் குறைத்தார்கள். நாங்கள் குடியிருந்த ராயக்கோட்டைச் சாலைப் பக்கத்துப் பேருந்துதான் முதலில் நின்றது. எங்கள் தொழிற்சாலையோ சூளகிரிக்குப் பக்கத்தில், நெடுஞ்சாலைக்கு அந்தப் புறம், அரசுப் பேருந்து இறக்கிவிடும் இடத்திலிருந்து வெயிலில் வெகுதூரம் நடக்க வேண்டிய பொட்டலில் இருந்தது. நடந்து பார்த்தேன். இரண்டாவது வாரத்தில், தாமதமாக வருவதாக மேலாளர் அன்பாக நினைவூட்டினார். ஆளைக் குறைக்கும் காலத்தில் மேலாளரின் அன்புக்கு ஒரே அர்த்தம்தான்.

வழி சொன்னவர் பராமரிப்புப் பிரிவில் இருந்த தர்மபுரி நண்பர்.

"ஹைவே வேணாம்னா வுட்டுருங்க சார். ராயக்கோட்ட ரோட்டுல போயி, தொரப்பள்ளிப் பக்கம் திரும்புனா சானமாவு காட்டோரமா ஒரு மண்ரோடு போவுது. அது நேரா ஹைவேகிட்ட கொண்டாந்து வுட்டுரும். தாண்டுனா நம்ம கம்பெனி."

"வண்டி போகுமா?"

"டிராக்டர் போவுது, மாடு போவுது. ராகி அறுக்கற சீசன்ல ஆனையும் போவுது. உங்களுக்கு என்னங்க?"

இந்த மூன்றில் டிராக்டர் மட்டும் என் காதில் விழுந்தது.

இங்கேதான் நான் படித்தவன் என்பது குறுக்கே வந்தது. வேறு யாராக இருந்தாலும் நூறு சிசியில் ஒரு சாதாரண வண்டியை வாங்கி, மண்ணில் மெதுவாக ஓட்டியிருப்பார்கள். பால்காரர்கள் அந்த வண்டியில் இரண்டு பக்கமும் கேன் கட்டிக்கொண்டு அதே மண்ரோட்டில்தான் போகிறார்கள். ஆனால் நான் பெங்களூர் நடைபாதைக் கடைகளில் பழைய வெளிநாட்டு மோட்டார் சைக்கிள் பத்திரிகைகளை வாங்கி வந்து படிக்கிறவன். தார்ச்சாலையிலும் ஓடும், காட்டுப் பாதையிலும் ஓடும் என்று அவற்றில் ஒரு சாதி வண்டி உண்டு: டூயல் ஸ்போர்ட். உயரமான உடம்பு, நீண்ட முன்கால்கள், சேற்றைக் கவ்வும் பட்டன் டயர், முட்டிக்கு மேலே தூக்கிக் கட்டிய சைலன்சர். என் பிரச்சினைக்காகவே யாரோ அதைத் தயாரித்ததாக எனக்குப் பட்டது.

கேன்டீனில் விஷயத்தைச் சொன்னேன்.

"டூயல்னா, டிரைவிங் ஸ்கூல் கார்ல ரெண்டு பேருக்கும் பிரேக் இருக்குமே, அதுவா சார்?" என்று ஸ்டோர்ஸ்காரர் கேட்டார்.

"இல்லை. ரோட்டிலும் ஓடும், காட்டிலும் ஓடும்."

"என் மச்சினன் டிவிஎஸ் அம்பதே அப்படித்தான் ஓடுது," என்று சொல்லிவிட்டு அவர் போண்டாவைத் தொடர்ந்தார்.

அன்றைக்கு நம் நாட்டுக் கடைகளில் அப்படியொரு வண்டி புதிதாகக் கிடைக்காது. பெங்களூரில் மண் பந்தயம் ஓட்டுகிறவர்கள் சாதாரண வண்டியைப் பிரித்து அப்படி மாற்றிக்கொள்வார்கள், அலுத்ததும் விற்பார்கள். அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டி ஒரு பட்டறையில் அப்படி மாற்றிய ஒன்று நின்றது. முதல் தடவை பார்த்தபோது, அது என்னைப் பார்க்கக் குனிய வேண்டியிருந்தது போல எனக்குத் தோன்றியது. பட்டறைக்காரர் ஒரு பழைய டயரைப் போட்டு, அதன் மேல் என்னை ஏறச் சொல்லி, அதிலிருந்து வண்டியில் உட்காரவைத்தார். பிறகு டயரைக் காலால் தள்ளிவிட்டார்.

"கால் எட்டலே," என்றேன், வண்டியை அவர் பிடித்திருந்த தைரியத்தில்.

"ஹைட் ப்ராப்ளம் நின்னாத்தானே சார். நிக்காம போங்க," என்றார்.

அது ஒரு தத்துவம் என்று அப்போது நினைத்தேன். விற்பனை என்று பிறகு புரிந்தது. அதற்குள் பட்டறைப் பையன் வண்டியை ஓட்டிவந்து என் வீட்டுக்குக் கீழே நிறுத்தியிருந்தான்.

என் மனைவி மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாள். உள்ளே போய்விட்டாள். கீழ்வீட்டு சேலத்து அம்மா மட்டும், "ஒட்டகம் வாங்கியிருக்கீங்களா?" என்று விசாரித்தார். மண்ரோட்டில்தான் போவேன், பெரிய ரோட்டில் ஏறமாட்டேன் என்று இரவு சாப்பிடும்போது சொன்னேன். "சரி" என்றாள். எந்த மண்ரோடு என்று கேட்கவில்லை. காடு என்ற சொல்லை நானாகச் சொல்லவும் இல்லை.

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. மண்ரோடு நெடுஞ்சாலையில் போய் முட்டும். கம்பெனிக்குப் போக அதைக் குறுக்கே தாண்டியாக வேண்டும். கொடுத்த வாக்கை எழுத்தெழுத்தாகப் பிரித்துப் பார்த்தேன். பெரிய ரோட்டில் வண்டியில் போகக் கூடாது என்றுதான் அவள் சொன்னாள்; வண்டியோடு போகக் கூடாது என்று சொல்லவில்லை. ஏழாம் வேற்றுமைக்கும் மூன்றாம் வேற்றுமைக்கும் நடுவில் ஒரு நான்கு வழிச்சாலை கிடந்தது. தினமும் காலையில் அங்கே வந்ததும் ஒரு மைல்கல்லில் காலை ஊன்றி இறங்குவேன். எஞ்சினை அணைப்பேன். ஹெல்மெட்டோடு, என் தோள் உயர வண்டியை இரண்டு கையாலும் பிடித்து, நடுத்திட்டின் இடைவெளி வழியாக உருட்டிக்கொண்டு ஓடுவேன். இரண்டு பக்கமும் லாரிகள் ஹாரன் அடிக்கும். அந்தப் புறம் சேர்ந்ததும் மூச்சு வாங்கிக்கொண்டே மிஸ்டு கால் கொடுப்பேன். வாக்கைக் காப்பாற்றிய பெருமை அந்த மூச்சில் கலந்திருக்கும்.

மண்ரோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அங்கே நிறுத்த வேண்டிய அவசியம் இல்லை. பட்டறைக்காரர் சொன்னது அங்கே மட்டும் உண்மை. ஏரிக்கரை மேல் பனி மூடியிருக்கும். ரோஜாப் பண்ணைகளின் பிளாஸ்டிக் கூடாரங்கள் அந்தப் பனிக்குள்ளும் வெளுத்துத் தெரியும். தைல மரத் தோப்புகளுக்குள் போகும்போது குளிர் கழுத்துப் பட்டிக்குள் இறங்கும். பள்ளம் வந்தால் இருக்கையிலிருந்து எழுந்து, கால்மிதியில் நின்றபடியே ஓட்ட வேண்டும் என்று பத்திரிகைகளில் போட்டிருந்தது. அப்படி நின்றேன். முதல் நாள் பயமாக இருந்தது. சில நாள் கழித்து, அப்படி நிற்கும்போது நான் சந்தோஷமாக இருக்கிறேன் என்பதைக் கண்டுபிடித்தேன். வீட்டில் அந்த நிலைமை இல்லை. அதனால் தெருமுனை வந்ததும் முகத்தைச் சரிசெய்துகொண்டுதான் உள்ளே போவேன்.

கார்த்திகை மார்கழியில் ராகி அறுப்பு வந்தது. அதோடு யானைகளும் வந்தன. தர்மபுரி நண்பர் அப்போது இன்னொரு முறை, இந்தத் தடவை சிரிக்காமல், எச்சரித்தார். எதிரே வருகிற யாரையாவது கேட்டுவிட்டுப் போங்கள் என்றார். அப்படியே கேட்டேன். "ஆனை இருக்கா?" என்பேன். "இல்லீங்க, போங்க" என்பார்கள். சிலர் தெலுங்கில் சொல்வார்கள். கையாட்டுவதிலிருந்தே புரிந்துவிடும்.

அந்தக் காலத்தில் எங்கள் பிரிவில் இருந்த ஆனேக்கல் ஆட்களிடம் நான் கன்னடம் கற்றுக்கொண்டிருந்தேன். ஒரு நாற்பது ஐம்பது சொற்கள் சேர்ந்துவிட்டன. இவ்வளவு சேர்ந்த பிறகு அவற்றை யாரிடமாவது செலவழிக்காமல் இருக்க என்னால் முடியாது. அது என் சுபாவம். அன்று காலை காட்டோர வளைவுக்கு முன்னால், ராகிக் கட்டுப் பக்கத்தில் ஒரு பெண் நின்றிருந்தாள். கையில் அரிவாள், தலையில் துண்டு. வேகத்தைக் குறைத்து, ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கி, மிக அழகாகக் கேட்டேன்.

"ஆனெ இதெயா?"

"ஆனெ இல்லே, இல்லே," என்றாள் அவள், வளைவைக் கை முழுவதும் நீட்டிக் காட்டி.

எங்கள் ஊர்ப் பக்கம் இல்லை என்பதை 'இல்லே' என்றுதான் சொல்வோம். இரண்டு தடவை இல்லே என்றதும், நீட்டிய கையும், தாராளமாகப் போகலாம் என்று எனக்கு அர்த்தமாயிற்று. நன்றியைக்கூடக் கன்னடத்திலேயே சொல்லிவிட்டு வளைவில் திரும்பினேன். பின்னால் அவள் ஏதோ கத்தினாள். வாழ்த்துகிறாள் என்று நினைத்தேன்.

யானை ரோட்டில் நின்றிருந்தது.

ஒற்றை யானை. ஒரு ராகிக் கட்டைத் துதிக்கையில் சுருட்டி, வேர் மண் உதிர முன்காலில் தட்டிக்கொண்டிருந்தது. பிரேக்கைப் பிடித்தேன். வண்டி நின்றது. நின்றால் என்ன ஆகுமோ அது ஆயிற்று. இடது காலை நீட்டினேன், தரை அங்கே இல்லை, வண்டி நிதானமாகச் சாய்ந்து என்னையும் கூட்டிக்கொண்டு விழுந்தது. எஞ்சின் அணைந்தது. என் கணுக்கால் வண்டிக்கு அடியில் மாட்டிக்கொண்டது.

தட்டுகிற சத்தம் நின்றது. விசிறிக்கொண்டிருந்த காதுகளும் நின்றன. அது தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது. அவ்வளவு பெரிய தலையில் அவ்வளவு சின்னக் கண். ஈரமாக இருந்தது.

அந்த நேரத்தில் எனக்குக் கடவுள் ஞாபகம் வரவில்லை. இத்தனை வருடம் படித்ததில் ஒரு வரியும் வரவில்லை. மிஸ்டு கால்தான் ஞாபகம் வந்தது. இந்நேரம் அவள் பள்ளி வராந்தாவில் போனைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பாள். ஒற்றை மணி அடிக்காது. பிறகு எப்போதோ அது நிற்காமல் அடிக்கும்; அவள் எடுக்க வேண்டியிருக்கும்; தெரியாத குரல் ஒன்று, இன்னாருடைய வீடுதானே என்று கேட்கும். அந்தக் கேள்வி ஏற்கெனவே ஒரு முறை அவள் காதில் விழுந்திருக்கிறது. இரண்டாவது முறையும் அவள் அதைத் தாங்கி நிற்பாள் என்று எனக்குத் தோன்றவில்லை. பெரிய ரோட்டில் போகவில்லை என்று சொல்ல அப்போது நான் இருக்க மாட்டேன். இருந்து சொன்னாலும் அதில் ஒரு பொருளும் இருந்திருக்காது.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. யானை ராகிக் கட்டை வாயில் வைத்துக்கொண்டது. ரோட்டைக் கடந்தது. தைல மரங்களுக்குள் நுழைந்தது. காய்ந்த இலைகள் மேல் அவ்வளவு பெரிய உடம்பு போயும் சருகு முறிகிற சத்தம்கூடக் கேட்கவில்லை.

அந்தப் பெண்ணும் இன்னும் இரண்டு பேரும் ஓடி வந்து வண்டியைத் தூக்கினார்கள்.

"இல்லே இல்லேன்னு நான் கத்திட்டே இருக்கேன், நீங்க பாட்டுக்குப் போறீங்க," என்றாள், நல்ல தமிழில்.

"இல்லேன்னு சொன்னதாலதாங்க போனேன்."

"அய்ய. இல்லேன்னா, இங்கயே இருக்குதுன்னு. கன்னடத்துல."

"தமிழ்ல சொல்லியிருக்கலாமே."

"நீங்க கன்னடத்துல கேட்டீங்க, நான் கன்னடத்துல சொன்னேன். தமிழ்ல கேட்டா தமிழ்ல சொல்ல மாட்டேனா? தெலுங்குல கேட்டாலும் சொல்லுவேன்."

"இங்கிலீஷ்ல மட்டும் கேக்காதீங்க சார்," என்றார் கூட வந்தவரில் ஒருவர், என் கணுக்காலைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே.

ரோட்டோர வரப்பில் உட்கார்ந்து மிஸ்டு கால் கொடுத்தேன். வெட்டிய மறுநொடி போன் அடித்தது. அவள் அதுவரை திருப்பி அழைத்ததே இல்லை.

"ஏன் இவ்வளவு நேரம்?"

"வழியில கொஞ்சம் நின்னுட்டேன்."

"குரல் ஒரு மாதிரி இருக்கே."

"சாயங்காலம் வந்து சொல்றேன்."

அவள் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. பிறகு வெட்டிவிட்டாள்.

கூட வந்த இருவரும் வண்டியையும் என்னையும் கம்பெனியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். சாயங்காலம் கம்பெனி வேன் என்னை வீட்டு வாசலில் இறக்கிவிட்டது. வழுக்கி விழுந்துவிட்டேன் என்று ஒரு கதையை வழியெல்லாம் தயார் செய்திருந்தேன். நன்றாகவே வந்திருந்தது. படியேறி அவள் முகத்தைப் பார்த்ததும் சொல்ல வரவில்லை. காடு, யானை, இல்லே எல்லாவற்றையும் சொன்னேன். நெடுஞ்சாலையில் வண்டியை உருட்டுகிற கதையை மட்டும் சொல்லவில்லை. அதில் சொல்ல ஒன்றும் இருப்பதாக நான் நினைக்கவில்லை. அவள் என் காலை முக்காலியில் தூக்கி வைத்து, ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி ஒற்றிக்கொண்டிருந்தாள். வண்டியை நாளைக்கே விற்றுவிடச் சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தேன்.

"ஆனை என்ன பண்ணுச்சு?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் பண்ணலே. பார்த்துட்டுப் போயிருச்சு."

"உங்களைப் பார்த்துச்சா?"

"பார்த்துச்சு. நல்லா பார்த்துச்சு."

துணியைப் பிழிந்து மறுபடி வைத்தாள். என் கணுக்காலைப் பார்த்தபடியே சொன்னாள்.

"அந்த லாரிக்காரன் பார்க்கலே."

அத்தனை வருடத்தில் அவள் அதைப் பற்றிச் சொன்ன முதல் வாக்கியம் அது. ஐஸ் கரைந்து தரையில் ஓடியது. துடைக்க இருவருமே எழவில்லை.

கால் தேறியதும் வண்டியைக் கம்பெனியிலிருந்து மண்ரோடு வழியாகவே கொண்டுவந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் சுடிதார் போட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

"அந்த வழியை எனக்குக் காட்டுங்க."

"இதுல உன்னால ஏற முடியாது."

"நீங்களே ஏறுறீங்க."

தண்ணீர்த் தொட்டித் திட்டில் ஏறி, அங்கிருந்து பின்னால் உட்கார்ந்தாள். யானைக் கூட்டத்தைக் காட்டிலாகாவினர் தேன்கனிக்கோட்டைப் பக்கம் விரட்டிவிட்டார்கள் என்று விசாரித்து வைத்திருந்தேன். இருந்தாலும் வழியில் பார்த்தவரிடமெல்லாம் தமிழில் கேட்டேன். ஏரிக்கரையில் அவள் பின்னாலிருந்து, "குளிருது" என்றாள்.

வளைவில் அந்தப் பெண் அவரைக்காய் பறித்துக்கொண்டிருந்தாள். நிற்க ஒரு வரப்பைக் கண்டுபிடித்து நின்றேன். நான் சொன்ன கதையை அவள் தன் பக்கத்திலிருந்து என் மனைவிக்குச் சொன்னாள். அவள் சொன்னதில் நான் இன்னும் மெதுவாகவும் இன்னும் அசிங்கமாகவும் விழுந்தேன். "ஆனைக்கே பாவமாப் போச்சுக்கா," என்று முடித்தாள். என் மனைவி சிரிக்கவில்லை. நான் விழுந்த இடம் எது என்று கேட்டு, அங்கே போய்க் கொஞ்ச நேரம் நின்றாள். கிளம்பும்போது அந்தப் பெண் ஒரு பை நிறைய அவரைக்காயைக் கொடுத்தாள்.

மண்ரோடு முடிந்தது. மைல்கல்லில் காலை ஊன்றி, அவளையும் இறங்கச் சொல்லி, எஞ்சினை அணைத்தேன்.

"என்ன ஆச்சு?"

"இங்க உருட்டிட்டுத்தான் தாண்டுவேன்."

"ஏன்?"

"நீதான சொன்னே, வண்டியில போகக் கூடாதுன்னு."

அவள் ரோட்டைப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமையிலும் லாரிகள் ஒன்றின் வாலை ஒன்று பிடித்துப் போய்க்கொண்டிருந்தன. பிறகு வண்டியைப் பார்த்தாள். அதன் பக்கத்தில், கைப்பிடிக்கு மேல் தலை மட்டும் தெரிய நின்ற என்னைப் பார்த்தாள்.

"தினமுமா?"

"தினமும்தான்."

"இவ்வளவு லாரிக்கு நடுவுல, இதைத் தள்ளிக்கிட்டு?"

"ஓடித்தான் போவேன்."

அவள் முகத்தில் என்ன வந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கோபம் இருந்தது. அழுகையும் இருந்தது என்று நினைக்கிறேன். அந்த வாக்கை அவள் என்னைக் காப்பாற்ற வாங்கினாள். நான் அதை வைத்துத் தினமும் சாவுக்கு முன்னால் ஓடிக்காட்டிக்கொண்டிருந்தேன். லாரிகள் போய் ஒரு இடைவெளி விழுந்தது.

"ஏறுங்க," என்றாள்.

"எங்க?"

"வீட்டுக்கு. இப்படியே, இந்த ரோட்டுலயே."

மைல்கல்லில் ஏறி உட்கார்ந்தேன். அவளும் அதே கல்லில் ஏறி உட்கார்ந்தாள். ஓசூர்ப் பக்கம் திரும்பி, இடது ஓரமாக, மண்ணுக்கும் தாருக்கும் நடுவிலிருந்த வெள்ளைக் கோட்டின் மேலேயே ஓட்டினேன். முதல் லாரி தாண்டியபோது அவள் விரல்கள் என் தோளில் அழுந்தின. இரண்டாவதுக்கும் அழுந்தின. அந்த லாரி மோதிய இடம் வந்திருக்க வேண்டும். திருப்பம் எல்லாம் போய் ரோடு நேராகி, நடுத்திட்டில் அரளி பூத்திருந்தது. எது அந்த இடம் என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்ததா என்று அன்றும் கேட்கவில்லை, இன்றுவரை கேட்கவில்லை. கொஞ்ச தூரம் போன பிறகு, கை தோளில்தான் இருந்தது, ஆனால் பிடி தளர்ந்திருந்தது.

வீட்டு வாசலில் தொட்டித் திட்டைப் பிடித்து நிறுத்தினேன். ஏதோ ஒரு பெரிய காரியம் என்னால் நடந்துவிட்டதாக எனக்குள் ஓர் எண்ணம். கீழ்வீட்டு சேலத்து அம்மா கோலப்பொடி டப்பாவோடு வெளியே வந்தார்.

"பெரிய ரோட்டுலயா கண்ணு வந்தீங்க? இந்த ஒட்டகத்து மேலயா? பயமா இல்லியா?"

என் மனைவி அவரைக்காய்ப் பையோடு இறங்கினாள். துப்பட்டாவை உதறிக்கொண்டே சொன்னாள்.

"பயமா? இவரு ஓட்டுற வேகத்துக்கா? ரெண்டு சைக்கிள் எங்களைத் தாண்டிப் போச்சுக்கா. என் தம்பி மட்டும் இருந்திருந்தா, பாதி வழியில இறங்கி நடந்தே எங்களுக்கு முன்னால வீட்டுக்கு வந்திருப்பான்."